அல்தமீராக் குகை

ஸ்பெயின் தேசத்தின் வடகரையில், கந்தாப்ரியா மாகாணத்தில், சந்தில்யானா தெல் மார் என்னும் பழைய ஊர் ஒன்று உண்டு. அவ்வூருக்கு அணித்தாகப் புல் படர்ந்த சிறு குன்று ஒன்று இருக்கின்றது. அதன் பெயர் அல்தமீரா. அக்குன்றின் உள்ளே ஏறக்குறைய 900 அடி நீளமான சுண்ணக்கற் குகை ஒன்று வளைந்து செல்கின்றது. அக்குகையின் கூரையிலே ஆதி மனிதன் தீட்டிய காட்டெருதுகள் இன்றும் செந்நிறம் மாறாது விளங்குகின்றன. 1985 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

ஆயினும், அக்குகையைக் காணவேண்டுமென்று கடல் கடந்து செல்லும் ஒருவர் அதன் வாயிலினுள் நுழைந்துவிட முடியாது. குகைக்கு அருகே உள்ள நூதனசாலையில் அமைக்கப்பட்டிருக்கும் மற்றொரு குகையையே அவர் காண்பார். அது மனிதர் கையால் இயற்றப்பட்ட பிரதி. உண்மைக் குகை பூட்டிக் காக்கப்படுகின்றது. இதற்குக் காரணம் யாது? கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதலாக அல்தமீராவுக்கு இரண்டு சோதனைகள் நேர்ந்தன. முதலாவது, அறிஞர் அதனை நம்ப மறுத்தது. இரண்டாவது, உலகம் முழுவதும் அதனை நம்பிக் காண வந்தது. இவ்விரண்டிலும் பின்னையதே குகைக்குப் பெருங் கேடாய் முடிந்தது.

இது எவ்வாறாயிற்று என்பதை அறிவதற்குச் சுண்ணக்கல்லின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

சுண்ணக்கல் இலங்கையருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேலேயே அமைந்துள்ளது. அங்கே பெய்யும் மழையிற் பெரும்பகுதி நிலத்துட் சென்று, கல்லின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறும், நிலத்தின் கீழே கல் கரைந்து குடைவுபட்டு, மேற்பாகம் இடிந்து வீழ்ந்தமையால் உண்டானதே. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் உட்புறத்தில் நாளடைவில் வெண்ணிறப் படை ஒன்று பிடிப்பதை வீட்டுப் பெண்மணிகள் அறிவர். நீரிலே கண்ணுக்குத் தெரியாது கரைந்திருந்த கல்லே அவ்வாறு மீண்டும் கல்லாகப் படிகின்றது.

கல் நீரிற் கரைவது எவ்வாறு? தனி நீர் சுண்ணக்கல்லை அரிதாகவே கரைக்கும். மழைநீரோ மண்ணினூடாக இறங்கும்போது, அங்குள்ள கரியமில வாயுவைத் தன்னுட் கொள்கின்றது. அதனால் அந்நீர் மென்மையான அமிலத் தன்மையை அடைகின்றது. தேசிக்காய்ப் புளி பட்ட சுண்ணக்கல் நுரைத்துக் கரைவதைப் பார்த்தோர், அமிலம் இக்கல்லை உண்ணும் என்பதை அறிவர். மழைநீரின் அமிலம் அவ்வளவு வன்மையுடையதன்று. ஆயினும் அதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் அவகாசம் உண்டு. அது வெடிப்பைப் பிளவாக்கும், பிளவைக் குகையாக்கும். அப்பாற் குகையின் கூரையிலிருந்து துளியாகத் தொங்கும்போது, நீரிலுள்ள கரியமில வாயு குகையின் காற்றோடு கலந்து நீங்கும். வாயு நீங்கவே, கரைந்திருந்த கல் மீண்டும் படியும். கூரையிலிருந்து விழுதுபோல் தொங்கும் கற்களும், தரையிலிருந்து கூம்புபோல் எழும் கற்களும் இவ்வாறே தோன்றுகின்றன.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். சுண்ணக்கற் குகையில், கல் கரைவதும் படிவதும் காற்றில் உள்ள கரியமில வாயுவின் அளவைப் பெரிதும் பொறுத்திருக்கின்றன. குகைச் சுவர் அசையாப் பொருளாகத் தோன்றினாலும், அது நீரோடும் காற்றோடும் இடைவிடாது கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டிருப்பது.

அல்தமீராவில் மனிதர் குகைவாயிலின் அருகே வாழ்ந்தனர். பகலொளி எட்டும் அவ்விடத்தில் அவர்கள் தீ மூட்டி உண்டதன் அடையாளங்களும், தீக்கல்லாலும் எலும்பாலும் ஆய ஆயுதங்களும், கடற்சிப்பிகளும் மண்ணுள் அகப்பட்டுள்ளன. ஓவியங் தீட்டிய மண்டபமோ சற்று உள்ளே, இருளில் உள்ளது. அதன் கூரை ஏறக்குறைய 60 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்டது. ஒருவர் தலைநிமிர்ந்து நிற்க முடியாத அளவுக்குப் பெரும்பாலும் தாழ்ந்திருந்த அக்கூரையிலே இருபதுக்கு மேற்பட்ட காட்டெருதுகள் தீட்டப்பட்டுள்ளன. குதிரைகளும் மான்களும் உண்டு. ஒரு பெண்மானின் உருவம் ஏழடிக்கு மேற்பட்ட நீளமுடையது.

அவ்வோவியர் கையாண்ட பொருள்கள் மிகச் சில. சிவப்புக்குக் காவிக்கல், கறுப்புக்கு விறகுக் கரி. முதலில் கூரிய தீக்கல்லாற் பாறையிற் கோடு கீறினர். பின்னர்க் கரியால் விளிம்பு வரைந்தனர். அதன்மேற் காவியை இட்டு உடலை நிரப்பினர். ஆனால், அவர்களுடைய பெருந்திறமை நிறத்தில் மாத்திரம் இல்லை. கூரையிலே இயற்கையாகப் புடைத்து நின்ற பாறை முண்டுகளைக் கண்டு, அவற்றையே விலங்கின் உடலாக அமைத்தனர். கால்களை மடக்கிச் சுருண்டு கிடக்கும் எருதுகள் சில அம்முண்டுகளின் மேல் வரையப்பட்டவை. விளக்கின் ஒளி அசையும்போது அவை மூச்சு விடுவனபோல் தோன்றும். பாறையின் ஒரு வெடிப்பு முதுகின் கோடாகும். ஒரு மேடு தோளாகும். கல்லுக்குள் விலங்கை முதலிற் கண்ட பின்னரே அவர்கள் நிறத்தைக் குழைத்திருத்தல் வேண்டும்.

காட்டெருதுகளின் கரிக்கோடுகளிலிருந்து எடுத்த துகள்களைச் சோதித்த விஞ்ஞானிகள், அவை ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனக் கணித்தனர். கூரையில் அவற்றினும் பழைய குறிகளும் உள்ளன. செந்நிறக் குறி ஒன்றின் மேற் படிந்திருந்த கற்படலத்தில், யுரேனியம் தோரியமாக மாறிய அளவைக் கணக்கிட்டு, அக்குறி 35,600 ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடையது என 2012 ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆகவே, ஒரே கூரையில் பல்லாயிரம் ஆண்டுக் காலமாகப் பல தலைமுறையினர் வந்து தீட்டிச் சென்றனர் என்பது பெறப்படுகின்றது.

ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் குகைவாயிலின் கூரை இடிந்து வீழ்ந்தது. பாறைகள் வாயிலை அடைத்தன. உள்ளே வெயில் இல்லை, பெருங்காற்று இல்லை, மனிதனும் இல்லை. வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாதிருந்தன. நீரும் கல்லும் காற்றும் தமக்குள் ஓர் ஒத்த நிலையை அடைந்தன. ஓவியங்களைக் காத்தது அந்நிலையே.

1868 ஆம் ஆண்டில் மொதெஸ்தோ குபில்யாஸ் என்னும் அவ்வூரவர் ஒருவர் வேட்டைக்குச் சென்றபோது, அவருடைய நாய் பாறை இடுக்கொன்றில் அகப்பட்டுக்கொண்டது. நாயை மீட்கக் கற்களை அகற்றியவர் குகையின் துவாரத்தைக் கண்டார். சுண்ணக்கற் குன்றுகள் நிறைந்த அப்பிரதேசத்தில் குகை ஒரு புதுமையன்று. ஆகையால் அச்செய்தி எவரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை. சில ஆண்டுகளின் பின்னர், அயலிலே நிலபுலமுடையவரும் சட்டம் பயின்றவருமான மார்செலினோ சான்ஸ் தெ சவுத்துவோலா என்பவர் குகையுட் சென்று பார்த்தார். சுவரிற் சில கரிய குறிகளைக் கண்டாராயினும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

1878 ஆம் ஆண்டிற் பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்கு அவர் சென்றிருந்தார். ஆதி மனிதர் எலும்பிலும் கொம்பிலும் செதுக்கிய சிறு உருவங்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. அவை அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1879 ஆம் ஆண்டில் அவர் அல்தமீராவுக்கு மீண்டு வந்து, வாயிலருகே மண்ணை அகழத் தொடங்கினார். எட்டு வயதுடைய அவர் மகள் மரியாவும் உடன் வந்திருந்தாள். தந்தை தரையையே நோக்கியிருந்தார். மகளோ விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றாள். தாழ்ந்த கூரையின் கீழ் வளர்ந்தோர் குனிந்தே நடக்கவேண்டியிருந்தது. குனிந்து நடப்பவர் கண்ணுக்குக் கூரை புலப்படாது. சிறுமியோ நிமிர்ந்து நின்று மேலே பார்த்தாள். அங்கே எருதுகள் இருப்பதாகத் தந்தையைக் கூவி அழைத்தாள்.

மண்ணுள் அகப்பட்ட ஆயுதங்களும் கூரையில் உள்ள ஓவியங்களும் ஒரே காலத்தவை என்று சவுத்துவோலா உய்த்துணர்ந்தார். 1880 ஆம் ஆண்டில் அதனை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அந்நூலின் நடை அடக்கமானது. தாம் கண்டவற்றை எடுத்துரைத்து, முடிவை அறிஞரிடம் விட்டிருந்தார். மத்ரித் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஹுவான் விலனோவா மாத்திரம் அவர் பக்கம் நின்றார். அதே ஆண்டில் லிஸ்பன் நகரிற் கூடிய சர்வதேச அறிஞர் மாநாட்டில் விலனோவா இதனை எடுத்துரைத்தபோது, அவையோர் அதனை ஏற்கவில்லை.

அவர்கள் மறுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. மனித குலம் தாழ்ந்த நிலையிலிருந்து படிப்படியாக உயர்ந்தது என்னும் கொள்கை அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. அவ்வாறாயின், குகையில் வாழ்ந்த வேடன் இத்துணைச் சிறந்த ஓவியனாய் இருத்தல் கூடுமோ என அவர்கள் வினவினர். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களுள் முதன்மை பெற்றிருந்த கப்ரியேல் தெ மொர்த்தியே இதனை ஒரு சூழ்ச்சி எனச் சந்தேகித்தார். எமில் கார்த்தையாக் என்பவரும் குகையை நேரிற் பாராமலே மறுத்தார். எதுவார் ஆர்லே என்பவர் 1881 ஆம் ஆண்டில் நேரிற் சென்று பார்த்தார். ஆனால், நிறம் ஈரத்துடன் புதிதாக இருப்பதையும், இருண்ட மண்டபத்திற் புகைக்கரி படியாதிருப்பதையும் கண்டு, ஓவியங்கள் அண்மைக் காலத்தவை என முடிவு செய்தார். இன்று அவ்விரண்டுக்கும் விடை உண்டு. ஈரமான குகையில் நிறம் உலராது நிற்றல் இயல்பு. விலங்கின் எலும்பு மச்சையைத் திரியிட்டு எரித்தால் எழும் புகை மிகச் சிறிது. அன்றோ அவை குற்றச்சாட்டுகளாயின. கூரையோவியங்களைப் பிரதி செய்வதற்குச் சவுத்துவோலா அமர்த்தியிருந்த ஓவியரே அவற்றைத் தீட்டியவர் என்னும் வதந்தியும் பரவியது.

தம்முடைய நேர்மையே ஐயுறப்பட்ட நிலையில், 1888 ஆம் ஆண்டில், 56 வயதிற் சவுத்துவோலா காலமானார். விலனோவாவும் 1893 இல் மறைந்தார். உண்மை வெல்லும் நாளை இருவரும் காணவில்லை.

அந்நாள் பிரான்சிலிருந்து வந்தது. 1895 ஆம் ஆண்டில் லா மூத் என்னும் குகையில், மண்ணால் அடைபட்டிருந்த பகுதியின் உள்ளே ஓவியங்கள் காணப்பட்டன. பழைய மண்படைக்கு அப்பால் உள்ளவற்றை அண்மைக் காலத்தவை எனக் கூறுதல் இயலாது. 1901 ஆம் ஆண்டில் கொம்பரேல், பொந்து கோம் ஆகிய குகைகளும் வெளிப்பட்டன. கார்த்தையாக் தமது பிழையை உணர்ந்தார். 1902 ஆம் ஆண்டில், ஐயுற்ற ஒருவனின் குற்ற ஒப்புதல் என்னும் கருத்தமைந்த தலைப்புடன் ஒரு கட்டுரை எழுதி, சவுத்துவோலாவுக்கு இழைத்த அநீதியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் ஆன்றி புரேய் என்னும் இளங் குருவானவருடன் அல்தமீராவுக்குச் சென்றார். அங்கே, வளர்ந்து பெண்மணியாகிவிட்ட மரியாவையும் கண்டு மரியாதை செலுத்தினார் என்பர். புரேய் வைக்கோல் திணித்த சாக்குகளின் மீது மல்லாந்து கிடந்து ஓவியங்களைப் பிரதி செய்தார். குகையின் ஈரத்தில் நீர்நிறம் உலரவில்லை. ஆகையால் வண்ணச் சுண்ணக் கோல்களைக் கொண்டே வரைந்தார்.

முதற் சோதனை இவ்வாறு நீங்கியது. ஆனால், நம்பிக்கை பிறந்ததும் மக்கள் வரத் தொடங்கினர்.

வருவோரின் வசதிக்காக மண்டபத்தின் தரை வெட்டித் தாழ்த்தப்பட்டது. கூரை வீழாதிருக்கச் சுவர்கள் எழுப்பப்பட்டன. மின்விளக்குகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொன்றும் நல்லெண்ணத்துடனேயே செய்யப்பட்டது. ஒவ்வொன்றும் குகையின் காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் சிறிது மாற்றியது. 1973 ஆம் ஆண்டில் மாத்திரம் 170,000 பேருக்கு மேற்பட்டோர் உள்ளே சென்று வந்தனர்.

ஒருவர் குகையுட் சென்று, எதனையும் தொடாமல், மௌனமாக மேலே பார்த்துவிட்டுத் திரும்பினால் என்ன கேடு விளையும்? விடை அவருடைய மூச்சில் இருக்கின்றது. மனிதன் வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, வெளிக்காற்றில் உள்ளதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. அம்மூச்சோடு நீராவியும் வெளிப்படுகின்றது. மேலும், மனித உடல் ஒரு சிறு மின்விளக்கைப் போல இடைவிடாது வெப்பத்தை வெளிவிடுவது. பலர் கூடி நிற்கும் தாழ்ந்த மண்டபத்திற் காற்று சூடேறும். நீராவி குளிர்ந்த கூரையிற் பனித்துளியாகப் படியும். அத்துளி கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகும். அது சுண்ணக்கல்லைக் கரைக்கும். கரைவது வெறுங்கல் அன்று. ஓவியம் ஒட்டிக்கொண்டிருக்கும் கல். மக்கள் வெளியேறிய பின் வாயு குறையும்போது, கரைந்த கல் வெண்படலமாக ஓவியத்தின் மேலேயே படியவும் கூடும். பல்லாயிரம் ஆண்டுகளில் குகையை ஆக்கிய அதே செயல், இங்கே வந்தோரின் மூச்சால் விரைவுபடுத்தப்படுகின்றது.

இதனோடு கேடு முடிவதில்லை. உடையிலும் காலணியிலும் ஒட்டி வரும் தூசி, நுண்ணுயிர்களுக்கு உணவாகும். இருளிலே பாசி வளராது. விளக்கின் ஒளியில் அது செழிக்கும்.

நிறம் மங்குவதைக் கண்ட ஸ்பானிய அதிகாரிகள் 1977 ஆம் ஆண்டிற் குகையை மூடினர். 1982 இல் அதனை மீண்டும் திறந்தபோது, ஆண்டுக்கு ஏறக்குறைய 8,500 பேர் என எல்லை வகுத்தனர். அனுமதிச் சீட்டுக்காக மக்கள் நெடுங்காலம் காத்திருந்தனர். பச்சை நிற நுண்ணுயிர்கள் தோன்றியமையால் 2002 ஆம் ஆண்டில் வாயில் மறுபடியும் அடைக்கப்பட்டது. பிரான்சிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1940 இற் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்கோ என்னும் ஓவியக் குகை, 1948 இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, 1963 ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது.

மூடிய கதவின் பின்னால் உள்ள செல்வம் யாருக்குப் பயன்படும் என்னும் கேள்வி எழுவது நியாயமே. கண்டவர் சிலரும் காணாதவர் பலருமாயின், அது மனித குலத்தின் பொதுச் செல்வம் ஆவது எங்ஙனம்? இதற்கு விடையாகவே 2001 ஆம் ஆண்டிற் பிரதிக் குகை திறக்கப்பட்டது. ஓவியர்களான பெத்ரோ சவுரா, மத்தில்தே மூஸ்கிஸ் ஆகிய தம்பதியர், கூரையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் பின்பற்றி, காவியும் கரியும் கொண்டே அவ்வோவியங்களை மீண்டும் தீட்டினர். இடிந்துபோன குகைவாயிலும், அங்கே மனிதர் வாழ்ந்த இடமும் பிரதியில் முன்னிருந்தவாறு காட்டப்பட்டுள்ளன. ஆகவே, உண்மைக் குகையிற் காணவியலாத ஒன்றையும் பிரதியில் ஒருவர் காணலாம்.

எனினும் வாதம் ஓயவில்லை. ஊருக்கு வருவாய் தரும் குகையைத் திறக்கவேண்டும் என ஒரு சாரார் கேட்டனர். திறந்தால் பழைய கேடு திரும்பும் என விஞ்ஞானிகள் சிலர் 2011 ஆம் ஆண்டில் எச்சரித்தனர். 2014 இல் ஒரு பரீட்சார்த்த முறை தொடங்கப்பட்டது. அதன்படி, வாரத்தில் ஒரு நாள், நூதனசாலைக்கு வந்திருந்தோருள் ஐவர் மாத்திரம் திருவுளச்சீட்டினால் தெரிந்தெடுக்கப்பட்டனர். விசேட உடையும் முகமூடியும் காலணியும் அணிந்து, வழிகாட்டியுடன் உள்ளே சென்று, 37 நிமிடங்களில் அவர்கள் திரும்புதல் வேண்டும். அவர்கள் உள்ளே இருக்கும்போது காற்றின் வெப்பமும் ஈரமும் வாயுவும் கருவிகளால் அளக்கப்பட்டன. ஒரு காலத்தில் மனிதன் குகையைப் பார்வையிட்டான். இப்பொழுது குகை மனிதனைச் சோதித்துப் பார்க்கின்றது.

அல்தமீராவைப் பொய்யென்று இகழ்ந்தோர் ஒரு நல்ல மனிதரின் உள்ளத்தைப் புண்படுத்தினர். ஆனால் ஓவியத்துக்கு அவர்களால் ஊறு நேரவில்லை. மெய்யென்று வியந்து வந்தவர்களோ, தம்மையறியாமலே தாம் வியந்த பொருளைத் தேயச் செய்தனர். அவர்களுள் எவரும் குற்றவாளியல்லர். ஒருவருடைய மூச்சு ஒன்றும் செய்துவிடாது. இலட்சம் பேருடைய மூச்சு பாறையைக் கரைத்துவிடும். பழம்பொருளைப் போற்றுவோர் அதனை நேரிற் காண விரும்புதல் இயல்பு. காணும் உரிமையைத் தாமே துறந்து, பிரதியின் முன் நின்று மனநிறைவு கொள்வதும் போற்றுதலின் ஒரு வகையே.

பிரதிக் குகைக்கு அருகே, பூட்டிய வாயிலுக்கு அப்பால், இருளிலும் ஈரத்திலும் அக்காட்டெருதுகள் கால் மடக்கிக் கிடக்கின்றன. அவற்றைக் காணும் கண்கள் இன்று மிகச் சில. அதனாலேயே அவை இன்னும் கிடக்கின்றன.